ஆணி அடிக்காத வீடு

அத்தியாயம் 6

பெயர்ப் பலகை மறுபடியும் விழுந்தது. இந்த முறை துப்பு சாரின் கால் கட்டைவிரல் மேல்.

அவர் ஒற்றைக் காலில் நொண்டியபடி அறையை ஒரு சுற்றுச் சுற்றினார். அப்போது வாயில் வந்த வார்த்தைகளை அச்சில் ஏற்ற முடியாது.

"பலகைக்கு அடி ஒண்ணும் படலையே, அத்தான்?" என்றாள் சின்னவள், கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

சின்னவள் அவருடைய மனைவியின் தங்கை. வேறு வேலை கிடைக்கும்வரை உதவிக்கு இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டவர், அந்த வேறு வேலை சீக்கிரம் கிடைக்க வேண்டுமே என்று தினமும் வேண்டிக்கொள்கிறார். அவள் போய்விட்டால் ஒரு வழக்குகூட உருப்படாது என்பதும் அவருக்குத் தெரியும். எரிச்சலுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

மீதிப் பாதிக்குக் காரணம் பலகை. 'துப்பறியும் நிலையம்' என்று தங்க எழுத்தில் அழகாக எழுதியது. ஆனால் அறை வாடகை அறை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது கட்டட முதலாளியின் கட்டளை. அதனால் டபுள் சைடு டேப், அது தோற்றதும் குழாய்ப் பசை, அதுவும் தோற்றதும் இரண்டையும் சேர்த்து. எப்படி ஒட்டினாலும் பலகை மானத்தைக் காப்பாற்றாமல் விழுந்துகொண்டே இருந்தது.

போன் அடித்தது. சின்னவள் எடுத்தாள், கேட்டாள், முகம் மாறிற்று.

"பல் ஆஸ்பத்திரி அம்மா. அவங்க அண்ணன் சாயங்காலமே காரோட வர்றாராம். பெட்டி கட்டிட்டாங்களாம். அதுக்குள்ள ஏதாவது தெரியுமான்னு கேக்கறாங்க."

துப்பு சார் கட்டைவிரலை மறந்தார்.

அந்தப் பெண் நேற்றுத்தான் வந்திருந்தாள். பல் டாக்டரிடம் உதவியாளர். மாமியாருக்குப் பிடிமானமாக இருக்கட்டும் என்று குளியலறைச் சுவரில் ஒரு ஸ்டீல் கைப்பிடிக் கம்பியைப் பசை போட்டு ஒட்டியது அவள்தான். போன வருஷம் ஒட்டியது. இத்தனை நாள் அசையாமல் நின்ற கம்பி, போன வாரம் மாமியார் பிடித்ததும் கையோடு வந்துவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. முந்தின நாள்தான் மாமியாருக்கும் மருமகளுக்கும் பெரிய சண்டை. 'அவதான் வேணும்னே கழட்டி வெச்சா' என்று மாமியார் அடித்துச் சொல்ல, கணவன் இரண்டு நாள் யோசித்துவிட்டு, உண்மை தெரிகிறவரை பிறந்த வீட்டில் இரு என்று மனைவியிடம் சொல்லிவிட்டான்.

"போன்னு சொன்னதுகூட வலிக்கல சார்," என்றிருந்தாள் அவள். "கிளம்பும்போது வீட்டுச் சாவியைக் கொக்கியில மாட்டிட்டுப் போன்னாரு. அதுதான் தாங்கல."

"கிளம்பு," என்றார் துப்பு சார்.

"செருப்பு மாட்ட முடியுமா அத்தான், அந்த விரலோட?"

"வாயை மூடிக்கிட்டுக் கிளம்பு."

*

அது ஒரு மாடி வீடு. கீழே வீட்டுச் சொந்தக்காரர், மேலே இவர்கள். கேட்டைத் திறந்ததுமே சொந்தக்காரர் எதிரே நின்றார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் டார்ச் லைட். வலது கையில் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்திரி.

"யாரு? மேல் வீட்டுக்கா? பையில என்ன? சுத்தியல், ஆணி ஏதாவது இருக்கா?"

"பவுடர் டப்பா இருக்கு சார். சுவரைத் துளைக்காது," என்றாள் சின்னவள்.

அவர் சிரிக்கவில்லை. "இந்த வீட்டுச் சுவர்ல ஒரு ஊசி ஓட்டை கிடையாது. நான் கட்டினது. காலி பண்ணிட்டுப் போறவங்க எப்படி வந்தாங்களோ அப்படியே சுவரைக் குடுத்துட்டுப் போகணும். அதான் ஒப்பந்தம்."

"இவருக்குத் தெருவுல ஆணி சார்னு பேராம். அடிக்கறதுனால இல்ல, அடிக்க விடாததால," என்று படி ஏறும்போது சின்னவள் காதில் சொன்னாள்.

மேல் வீட்டுக் கதவைக் கணவன் திறந்தான். லிஃப்ட் மெக்கானிக். சீருடைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. வாசலில் அவனுடைய கருவிப் பை, அதன் பக்கத்தில் கட்டின சூட்கேஸ். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த முகம்.

கூடத்தில் மாவுக்கட்டுக் கையைத் தலையணை மேல் வைத்து மாமியார் உட்கார்ந்திருந்தார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரல் அங்கே இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, தெருக்கோடி வரை கேட்கும்.

"துப்பறிய என்ன இருக்கு? பல்லை ஒட்டறது பிடுங்கறது எல்லாம் யாரு தொழில்? கம்பியைப் பிடுங்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அத்தை, பல்லு பிடுங்கறது டாக்டர். நான் சாமானைக் கழுவித் தருவேன், சிமெண்ட் கலந்து தருவேன்," என்றாள் மருமகள் சமையலறை வாசலிலிருந்து.  அழுது முடித்துவிட்ட முகம்.

துப்பு சார் குளியலறைக்குப் போனார். வெளிர்நீல டைல்ஸ். கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த கம்பியை எடுத்தார். இரண்டு முனையிலும் வட்டத் தட்டு. தட்டின் பின்பக்கம் பசை முழுக்க வழித்துப் பூசியிருந்தது, ரொட்டியில் ஜாம் தடவினது போல. நடுவில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது.

"அத்தான், இது மேல வேற விரலை வெச்சுட்டீங்க. இனிமே கம்பியோடதான் வீட்டுக்கு வரணும். அக்கா உள்ள விடுவாளான்னு தெரியல."

"இரு," என்று விரலைப் பிய்த்து எடுத்தார். கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது. "போன வருஷம் ஒட்டின பசை இன்னும் ஈரமாவா இருக்கும்? யாரோ இதைக் கழட்டி, பழைய பசையைச் சுரண்டி, புதுசா ஒட்டியிருக்காங்க."

மருமகள் எட்டிப் பார்த்தாள். "இது என் கை இல்ல சார். நான் இப்படி ஒட்ட மாட்டேன். மொத்தமா அப்பினா நடுவுல காத்துப் போகாது, உள்ள காயவே காயாது. பல்லுக்கு வைக்கற மாதிரி புள்ளி புள்ளியா வைக்கணும். இங்க பாருங்க."

சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அடுப்புக்கு மேலே கரண்டிகள் தொங்கும் கொக்கிகள். பின்தட்டு பிளாஸ்டிக், நிறமே இல்லாதது. உள்ளே பசை தெளிவாகத் தெரிந்தது. நாலு மூலைக்கு நாலு புள்ளி, நடுவில் ஒன்று. குடை மாட்டும் கொக்கியிலும் அதே ஐந்து புள்ளி, கதவருகே சாவிக் கொக்கியிலும் அதே. கையெழுத்துப் போல ஒரே மாதிரி.

"வெச்சிட்டு ஒரு நாள் முழுக்கத் தொட மாட்டேன், யாரையும் தொட விடவும் மாட்டேன். ஒட்டின உடனே பாரத்தைத் தொங்கவிடக் கூடாது. இந்த வீட்டுல எல்லாருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சுப் போச்சு."

"கேஸ் முடிஞ்சுது," என்று துப்பு சார் கூடத்துக்கு வந்து கணவனிடம் சொன்னார். "உங்க மனைவி ஒட்டின கையெழுத்து வேற, விழுந்த கம்பியில இருக்கற கையெழுத்து வேற."

கணவன் தரையைப் பார்த்தான். "வேணும்னே மாத்தி ஒட்டியிருக்கலாம்ல சார்? அவதான்னு தெரியக் கூடாதுன்னு?"

துப்பு சாருக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. மருமகள் உள்ளே போய்ப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். அதைக் கேட்கச் சகிக்கவில்லை.

"சரி. இந்த வீட்டுச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"எங்க மூணு பேர்கிட்டயும். நான் அந்த வாரம் வெளியூர்ல லிஃப்ட் மாட்டிக்கிட்டு இருந்தேன். அம்மா விழுந்த அப்புறம்தான் வந்தேன்."

அவன் இல்லை. அவளும் இல்லை. மிச்சம் ஒருவர்தான். துப்பு சார் திரும்பி மாவுக்கட்டைப் பார்த்தார். அங்கேதான் தப்புச் செய்தார்.

"அம்மா, மருமக மேல பழி போடணும்னு நீங்களே கம்பியைக் கழட்டி ஒட்டியிருந்தா, கையை முறிச்சுக்கற அளவுக்குப் போகும்னு நினைச்சிருக்க மாட்டீங்க..."

அடுத்த நிமிஷம் அந்தத் தொலைபேசிக் குரல் தெருவுக்கே இணைப்புக் கொடுத்தது. தன் கையைத் தானே ஒடித்துக்கொள்ளத் தனக்கு என்ன பைத்தியமா, வாசலில் வந்து நிற்கிற நாயெல்லாம் துப்பறிகிறதா, இந்த வயதில் குளியலறையில் உட்கார்ந்து பசை சுரண்டுகிறேனா. நியாயமான கேள்விகள்தான்.  கணவன் கதவைத் திறந்து, "நீங்க போயிட்டு வாங்க சார்," என்றான்.

*

பாதிப் படியில் துப்பு சார் உட்கார்ந்துவிட்டார். விரலில் பசை, காலில் வீக்கம், காதில் மாமியார்.

"வேலையை விட்டுடறேன்," என்றார். "இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்தப்போ எரிஞ்ச குடோனைப் பார்த்து எவன் தீ வெச்சான்னு சொன்னவன் நான். ஒரு பாத்ரூம் கம்பி என்னைக் கேலி பண்ணுது."

"கம்பி மட்டுமா? கழுவும்போது அந்த அக்கா சொன்னாங்க, அதுக்கு முன்னாடி கூடத்துக் கடிகாரம் விழுந்துச்சாம். மறுநாள் டப்பா வைக்கற ஸ்டீல் தட்டு. அப்புறம் முகம் பார்க்கற கண்ணாடி. எல்லாம் அதே வாரம். எல்லாம் அவங்க ஒட்டினது."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்கதான் கேஸ் முடிஞ்சுதுன்னு அறிவிச்சுட்டீங்களே. நடுவுல பேசினா மரியாதை இல்லைன்னு விட்டுட்டேன்."

துப்பு சார் பல்லைக் கடித்தார். ஒரே பசை, ஒரே கை, ஒரே வீடு. நாலு சாமான் ஒரே வாரத்தில் விழுகிறது. ஆனால் கரண்டிக் கொக்கி விழவில்லை, ஈரக் குடையைத் தாங்குகிற கொக்கி விழவில்லை, சாவிக் கொக்கி விழவில்லை. பசை கெட்டுப்போயிருந்தால் எல்லாம் அல்லவா விழ வேண்டும்? தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டாலும் மூக்கு அகப்படவில்லை.

"என்ன நியாயம் பாருங்க அத்தான்," என்று சின்னவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். "ஒளிவுமறைவு இல்லாம, உள்ள என்ன இருக்குன்னு காட்டற கொக்கியெல்லாம் நிக்குது. முதுகுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு மறைக்கறதெல்லாம் விழுந்திருக்கு. மனுஷங்களும் இப்படி விழுந்தா நம்ம தொழில் எவ்வளவு சுலபம்!"

துப்பு சார் சட்டென்று எழுந்தார். கட்டைவிரல் வலித்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு."

"எதை? தொழில் சுலபம்கறதையா?"

"மறைக்கறதெல்லாம் விழுந்திருக்கு! கடிகாரம், தட்டு, கண்ணாடி, கம்பித் தட்டு. நாலுக்கும் பின்னாடி இருக்கற சுவர் வெளிய தெரியாது. கொக்கிக்குப் பின்னாடி இருக்கற சுவர் அப்படியே தெரியும், கழட்டிப் பார்க்க அவசியம் இல்ல. அடியே, இது யாரையும் கீழே தள்ளறதுக்காகச் செஞ்சதே இல்ல. யாரோ சுவரைப் பார்க்கணும்னு கழட்டியிருக்காங்க. பார்த்துட்டுத் திரும்ப ஒட்டியிருக்காங்க. ஒரு நாள் விடணும்னு தெரியாம, உடனே கடிகாரத்தை மாட்டி, டப்பாவை அடுக்கிட்டுப் போயிருக்காங்க. பாரம் தாங்காம ஒண்ணொண்ணா விழுந்திருக்கு. கம்பி மேல மட்டும் யாராவது பிடிக்கற வரைக்கும் பாரம் இல்ல. அதனால அது கடைசி."

சின்னவளுடைய வாய், அபூர்வமாக, சும்மா இருந்தது. பிறகு மெதுவாகக் கீழே எட்டிப் பார்த்தாள். கேட்டருகே வெள்ளைச் சட்டை சுற்றுச்சுவரில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தது.

"விரல்ல பிளாஸ்திரி," என்றாள். "பசையைப் பிய்ச்சா தோலும் சேர்ந்துதான் வரும். உங்க விரலைப் பாருங்க."

"சந்தேகம் வேற, சாட்சி வேற. ஒட்டினதைப் பிரிக்கற மாதிரி அவர் வாயைத்தான் பிரிக்கணும். நீ மேல போய் மூணு பேரையும் கூட்டிட்டு வந்து அவர் வாசல்ல நிறுத்து. சத்தம் வரக் கூடாது."

"அந்த அம்மாவைச் சத்தம் வராம நிறுத்தறதுக்குத் தனியா ஏதாவது தருவீங்களா?"

*

சொந்தக்காரர் வீட்டுக் கூடம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. சுவரில் ஒரு காலண்டர் இல்லை. அவருடைய கல்யாணப் போட்டோகூடத் தரையில் சுவரோரம் சாய்ந்து நின்றது. தன் சுவரையும் தொடாத நேர்மைக்காரர்.

"ஒரு கெட்ட சேதி சொல்ல வந்தேன் சார்," என்றார் துப்பு சார், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு. "மேல பாத்ரூம்ல கம்பி விழுந்த இடத்தைப் பார்த்தோம். டைல்ஸ்ல நாலு ஓட்டை. டிரில் போட்டிருக்காங்க."

"பொய்!" சொந்தக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"கண்ணால பார்த்தேன் சார்."

"நான் பார்த்தேன்யா கண்ணால! ஒரு ஓட்டை கிடையாது. கம்பிக்குப் பின்னாடியும் இல்ல, கடிகாரத்துக்குப் பின்னாடியும் இல்ல. ஹேர் டிரையர்ல சூடு காட்டி, நைலான் நூலை உள்ள விட்டு அறுத்து, ஒரு கீறல் விழாம நானே கழட்டிப் பார்த்தேன். கல்மிஷம் இல்லாத சுவர்! டிரில் போட்டாங்கன்னு எவன் சொன்னது? அந்தத் தட்டுக்குப் பின்னாடி..."

நிறுத்தினார். தவளை தன் வாயால் கெடும் என்பதைத் தவளை எப்போதும் கடைசியில்தான் புரிந்துகொள்கிறது.

"தட்டுக்குப் பின்னாடி என்ன சார் இருந்துச்சு?" என்று வாசலிலிருந்து சின்னவள் கேட்டாள். "பாதியில விட்டுட்டீங்களே."

அவளுக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். மருமகள் உள்ளே வந்தாள். அவள் கத்தவில்லை.

"திரும்ப ஒட்டினீங்களே, அது காயறதுக்கு ஒரு நாள் வேணும்னு பசைக் குழாயிலேயே போட்டிருக்கே சார். படிக்கலையா?"

"எழுத்து பொடிசா இருந்துச்சும்மா," என்றார் சொந்தக்காரர். மூஞ்சியில் ஈயாடவில்லை. "கெட்ட எண்ணம் இல்ல. அவ்வளவு கனமான கம்பி துளை போடாம நிக்கும்னு என்னால நம்ப முடியல. பார்த்த அப்புறம் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? பெரியவங்க விழுவாங்கன்னு கனவுல கூட நினைக்கல."

"நாங்க இல்லாதப்போ எங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சீங்களா?" கணவன் முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. "திருட்டுச் சாவி போட்டா?"

"திருட்டுச் சாவியா? நானா?" சொந்தக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். "சாவியைக் கொடுத்ததே உங்கம்மாதான். மருமக சுவரெல்லாம் துளை போட்டிருப்பாளோன்னு சந்தேகமா இருக்கு, நான் கண் ஆஸ்பத்திரிக்குப் போறேன், நீங்களே வந்து பார்த்துக்குங்கன்னு சொன்னதும் அவங்கதான்."

துப்பு சார் இதை எதிர்பார்க்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அவர் மாமியாரைப் பார்த்தார். எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள்.

தெருக்கோடி வரை கேட்கும் அந்தக் குரல் இப்போது பக்கத்தில் நிற்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

"தட்டை எனக்கு எட்டாத உயரத்துல ஒட்டியிருக்கான்னு அதுக்கு முந்தியே ஒரு சண்டை. இவர் கூப்பிட்டு அவளை நாலு வார்த்தை கண்டிச்சா அடங்குவான்னு நினைச்சேன். கழட்டிப் பார்ப்பார்னு தெரியாது."

"கடிகாரம் விழுந்தப்போ?" என்று கேட்டாள் மருமகள்.

மாமியார் மாவுக்கட்டைத் தடவினார்.

"மனசுல தட்டுச்சு. தட்டு விழுந்தப்போ இன்னும் தட்டுச்சு. ஆனா சாவி கொடுத்தது வெளிய வந்துடுமே. உங்கிட்ட எந்த முகத்தோட சொல்றது?" கொஞ்சம் நிறுத்தி, "கை ஒடிஞ்சதும் உன் மேல சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் திரும்ப எடுக்கத் தெரியல," என்றார்.

 துப்பு சாருக்குக் கோபம் கோபமாக வந்தது. உண்மையைக் கண்டுபிடித்தவனுக்குச் சந்தோஷம் வர வேண்டாமா? ஒரு கெட்டவன்கூட இல்லாத வழக்கில் ஒரு நல்ல பெண் பெட்டி கட்டி நின்றாள்.

கணவன் மனைவி பக்கம் நகர்ந்தான். "நான் உன்னை..."

"நீங்க பேசாதீங்க." அவள் திரும்பக்கூட இல்லை. "அத்தைக்கு வயசாகுது, கம்பிக்கு நாலு ஸ்க்ரூ போடச் சம்மதம் கேளுங்கன்னு போன வருஷம் எத்தனை தடவை கெஞ்சினேன்? எதுக்கு வம்பு, ஒட்டிடுன்னீங்க. ஊர் முழுக்க லிஃப்டுக்கு டிரில் போடறவரு, ஒரு வார்த்தை கேக்கறதுக்குப் பயந்துக்கிட்டு என் கையில பசைக் குழாயைக் கொடுத்தீங்க. அவருக்கும் பயப்படுவீங்க, அம்மாவுக்கும் பயப்படுவீங்க. எனக்கு மட்டும்தான் போன்னு சொல்ல தைரியம் வந்துச்சு."

அவன் விடுவிடுவென்று மாடி ஏறினான். கருவிப் பையோடு இறங்கி வந்து சொந்தக்காரர் முன்னால் நின்றான்.

"சார், டிரில் போடப் போறேன். நாலு ஓட்டை. நீங்க வந்து பேப்பரைப் பிடிங்க, தூள் தரையில கொட்டாம."

"நாலா?" என்றார் சொந்தக்காரர், உயிரே போனது போல.

"கம்மியா இருந்தா போலீஸ்கிட்ட கேட்டு ஜாஸ்தி பண்ணிக்கலாம் சார்," என்றாள் சின்னவள் அன்பாக.

*

டிரில் சுற்ற ஆரம்பித்ததும் சொந்தக்காரர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பேப்பரைப் பிடித்த பிளாஸ்திரி விரல்கள் ஒவ்வொரு ஓட்டைக்கும் துடித்தன. வெளிர்நீலத் தூள் மெல்ல விழுந்தது. நாலாவது முடிந்ததும் அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது போல அந்தப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கீழே போனார்.

கணவன் கம்பியை வைத்து ஸ்க்ரூவை முறுக்கினான். மருமகள் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை.

"அத்தை, நீங்க பிடிச்சுப் பாருங்க."

மாமியார் இடது கையால் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. "நல்லா இருக்கு," என்றார்.  

கீழே கார் ஹாரன் அடித்தது.

மருமகள் கூடத்துக்கு வந்து சூட்கேஸைத் தூக்கினாள். கணவன் டிரில்லோடு வாசலை மறித்தான்.

"இப்பவுமா? எல்லாம்தான் சரியாயிடுச்சே!"

"ஸ்க்ரூ சரியாயிடுச்சு. அன்னிக்கு நீங்க போகச் சொன்னீங்க, போறதா இருந்தேன். இப்ப நானா போறேன். கொஞ்ச நாள் எங்கம்மா வீட்டுல தூங்கறேன், சாப்பிடறேன். ஒட்டின உடனே பாரத்தைத் தொங்கவிடக் கூடாதுன்னு இந்த வீட்டுல யாருக்குமே புரிய மாட்டேங்குது."

அவன் வழி விட்டான். துப்பு சார் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் செருமினார். சின்னவள் அவருடைய அடிபட்ட கால் மேல் தன் காலை மெதுவாக வைத்தாள். அவர் செருமலை விழுங்கினார்.

மருமகள் கதவருகே நின்றாள். அந்த நிறமில்லாத கொக்கியில், ஐந்து புள்ளிப் பசையில், அவளுடைய சாவி தொங்கியது. பெட்டி கட்டியதும் அவளே மாட்டி வைத்தது. அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். சொந்தக்காரர் மேஜை மேல் வைத்த சாவியைக் கீழேயிருந்து வரும்போதே அவள் எடுத்து வந்திருந்தாள். அதையும் கைப்பைக்குள் போட்டாள்.

"அது என் சாவிம்மா," என்றார் மாமியார், குளியலறை வாசலிலிருந்து. கெஞ்சலாகத்தான் கேட்டார்.

"தெரியும் அத்தை," என்றாள் மருமகள். "நான் வந்து தர்றேன்."